கடன்பட்டார் கண்டம்

2010ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள். ஜெர்மனி மீண்டும் ஒரே நாடாகி இருபது ஆண்டுகள் நிறைவுற்றதை அந்நாட்டு மக்கள் விழா எடுத்துக் கொண்டாடினர். அதே நாளில், ஆரவாரம் ஏதுமின்றி, இன்னொரு செயலும் நிறைவேறியது. முதல் உலகப் போரின் இழப்பீட்டுச் சுமையைச் சமாளிக்க 1924-இலும் 1930-இலும் அந்நாடு வாங்கிய கடன்களின் நிலுவை வட்டிக்கான கடைசித் தவணை அன்று கட்டப்பட்டது. போர் ஓய்ந்து 92 ஆண்டுகள் கழித்து அந்தக் கணக்கு முடிந்தது.

இச்செய்தியை அன்று பலர் ஒரு வேடிக்கைத் துணுக்காகவே வாசித்திருப்பர். ஆனால் அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2010 மே மாதத்தில், கிரேக்க நாடு தன் கடனுக்கு வட்டி கட்டவும் வழியின்றி ஐரோப்பிய அரசுகளின் வாசலிலும் பன்னாட்டு நிதியத்தின் வாசலிலும் நின்றது. 11,000 கோடி யூரோ கடனாகக் கிடைத்தது. ஓய்வூதியக் குறைப்பு, ஊதியக் குறைப்பு, வரி உயர்வு என்னும் நிபந்தனைகளும் உடன் வந்தன. பெருந்தொகை தந்த நாடு ஜெர்மனி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுத் தவணை பெற்ற கடனாளி, சில ஆண்டுகளில் கணக்கை நேர்செய்யுமாறு இன்னொரு கடனாளியைக் கேட்கும் நிலை வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றையும், அதில் முற்போக்கு இயக்கங்கள் ஏற்ற பங்கையும், ஏற்க மறுத்த பங்கையும் அறிய விரும்புவோர் இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நலம்.

ஜெர்மன் மொழியில் கடனைக் குறிக்கவும் குற்றத்தைக் குறிக்கவும் 'ஷுல்ட்' என்னும் ஒரே சொல்லே வழங்குகிறது. கடன்பட்டவன் குற்றம் புரிந்தவன் என்னும் உணர்வு அச்சொல்லிலேயே ஊறிக் கிடக்கிறது போலும். நம் தமிழிலோ 'கடன்' என்னும் சொல் வாங்கிய பொருளையும் குறிக்கும். ஆற்ற வேண்டிய கடமையையும் குறிக்கும். கடமை வாங்கியவருக்கு மட்டுமா, கொடுத்தவருக்கும் உண்டா என்பதுதான் ஐரோப்பாவை எழுபது ஆண்டுகளாக அலைக்கழித்து வரும் வினா.

1953 பிப்ரவரி 27ஆம் நாள் இலண்டன் மாநகரில் அந்த வினாவுக்கு ஒருமுறை தெளிவான விடை கிடைத்தது. மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடன்கள் குறித்து ஓராண்டாக நடந்த பேச்சு அன்று உடன்படிக்கையாயிற்று. ஜெர்மன் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் ஹெர்மன் யோசப் ஆப்ஸ் என்னும் வங்கியாளர். போருக்கு முந்திய கடன், போருக்குப் பிந்திய கடன் இரண்டும் சேர்ந்த தொகையில் ஏறத்தாழ பாதி தள்ளுபடியாயிற்று. எஞ்சியதைக் கட்ட நீண்ட தவணை கிடைத்தது, வட்டியும் குறைக்கப்பட்டது. ஏற்றுமதியால் ஈட்டும் வருவாயைக் கொண்டே கடனை அடைக்க வேண்டும், மக்களின் வயிற்றைக் கட்டி அடைக்கலாகாது என்பது பேச்சின் உள்ளுறையாய் இருந்தது. கடன் திரும்ப வேண்டுமானால் கொடுத்தவர்கள் ஜெர்மானியச் சரக்கை வாங்கவும் வேண்டும் அல்லவா? போர் இழப்பீடு பற்றிய வழக்கு, இறுதி அமைதி ஏற்பாடு வரும்வரை ஒத்தி வைக்கப்பட்டது. சில வட்டி நிலுவைகள் நாடு ஒன்றுபடும் நாள்வரை தள்ளி வைக்கப்பட்டன. அந்த நிலுவையே 2010-இல் முடிந்தது.

கையெழுத்திட்ட நாடுகளில் கிரேக்கமும் ஒன்று. பத்தாண்டுகளுக்கு முன் ஜெர்மன் படையின் ஆக்கிரமிப்பில் கொடும் பஞ்சத்தால் மடிந்த நாடு அது. அன்றைய இலங்கையும் அப்பட்டியலில் உண்டு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தபோது அதை எத்தனை பேர் நினைவுகூர்ந்தனரோ!

இது வெறும் இரக்கத்தால் நிகழ்ந்ததன்று. சோவியத் வல்லரசுக்கு எதிரே வலுவான மேற்கு ஜெர்மனி தேவை என்று அமெரிக்கா கருதியது. 1919-இல் வெர்சாய் உடன்படிக்கை சுமத்திய பாரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்னும் நினைவும் அனைவர் நெஞ்சிலும் பசுமையாய் இருந்தது. அச்சமும் தன்னலமும் கலந்தே அந்தப் பெருந்தன்மை பிறந்தது. அதனால் அதன் பயன் குறைந்துவிடவில்லை.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னர், இன்னும் இருண்ட ஒரு காலத்தில், இத்தாலியின் மேற்குக் கடலில் உள்ள வெந்தொத்தேனே என்னும் சிறு தீவில் மூன்று கைதிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பாறைத் தீவு அது. முசோலினி தன் எதிரிகளை அங்கே காவலில் வைத்திருந்தான். அல்தியேரோ ஸ்பினெல்லி இருபது வயது நிரம்புமுன்பே, 1927-இல், கம்யூனிஸ்ட்டாகச் சிறை புகுந்தவர். ஸ்டாலினின் போக்கை ஏற்க மறுத்ததால் 1937-இல் கட்சியும் அவரை நீக்கியது. எர்னெஸ்தோ ரோசி பொருளியலார். எயுஜேனியோ கொலோர்னி மெய்யியல் கற்ற சோசலிஸ்ட். ஹிட்லரின் படைகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியை மிதித்து நின்ற 1941-இல், இவர்கள் சுதந்திரமான, ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்காக ஓர் அறிக்கை வரைந்தனர். கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மன் அதை மறைத்துக் கரை சேர்த்தார். கொலோர்னி 1944-இல், உரோமை நகர் விடுதலை அடைவதற்குச் சில நாள்களுக்கு முன், பாசிசக் கும்பலால் சுடப்பட்டு மாண்டார்.

அவ்வறிக்கையின் கருத்துகளுள் ஒன்று இன்றும் சுருக்கென்று தைக்கிறது. இனிமேல் முற்போக்காளரையும் பிற்போக்காளரையும் பிரிக்கும் கோடு, யார் எவ்வளவு சமத்துவம் பேசுகிறார் என்பதைக் கொண்டு கீறப்படாது. தேசிய அரசின் அதிகாரத்தையே இறுதி இலக்காகக் கொள்பவர் ஒருபுறம். தேசங்களுக்கு மேலான உறுதியான ஓர் அரசை எழுப்ப முனைபவர் மறுபுறம். பழைய வடிவிலேயே தேசத்தைக் கட்டியெழுப்பப் புறப்படும் சோசலிஸ்டும் அறியாமலே பிற்போக்கின் கைக்கருவியாகிவிடுவார் என்பது அவர்கள் எச்சரிக்கை. அந்தக் கோடு முற்போக்குக் கட்சிகளுக்கு வெளியே அன்று, அவற்றின் நடுவீட்டிலேயே ஓடும் என்பதைத் தனிமைச் சிறையின் அனுபவம் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் ஐரோப்பிய வீட்டுக்குக் கால்கோள் இட்டவர்களில் முன்னின்றோர் இடதுசாரிகள் அல்லர். 1950 மே 9-இல் நிலக்கரியையும் எஃகையும் பொது ஆட்சியில் வைக்கும் திட்டத்தை அறிவித்த ராபர்ட் ஷூமன், அதை உடனே வரவேற்ற அடெனாவர், இத்தாலியின் தெ காஸ்பரி ஆகிய மூவரும் கத்தோலிக்கர். மூவரும் எல்லைகள் உரசும் நிலங்களில் வளர்ந்தவர்கள் அல்லது வாழ்ந்தவர்கள். இங்கிலாந்தில் அட்லியின் தொழிற்கட்சி அரசு அதில் சேர மறுத்தது. பத்தாண்டுக் காலம் நாத்சி வதைமுகாம்களில் வாடிய ஜெர்மன் சமூக ஜனநாயகத் தலைவர் குர்ட் ஷூமாக்கர், இது பெருமுதலாளிகளும் பழைமைவாதிகளும் குருக்களும் கூடி எழுப்பும் ஐரோப்பா என்று சாடினார். நம்மைப் போன்றோருக்குக் கசப்பான சொல்தான். ஆயினும் உழைப்பவர் குரல் ஒலிக்காத சந்தையாக அது முடிந்துவிடுமோ என்னும் அவர் அச்சத்தை வீண் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1954 ஆகஸ்ட் 30-இல் பொதுவான ஐரோப்பியப் படை என்னும் திட்டத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 264க்கு எதிராக 319 வாக்குகளால் வீழ்த்தியபோது, சோசலிஸ்ட் உறுப்பினர் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்து நின்றனர். கோடு நடுவீட்டில் ஓடியது.

1957-இன் உரோமை உடன்படிக்கையைக் கடந்து 1983க்கு வருவோம்; இடைப்பட்ட கால் நூற்றாண்டு வளர்ச்சியின் காலம், வளர்ச்சிக் காலத்தில் இத்தகைய வினாக்கள் உறங்கும். 1981 மே 10-இல் பிரான்சுவா மித்தரான் பிரெஞ்சுக் குடியரசின் தலைவராகத் தேர்வு பெற்றார். வங்கிகளும் பெருந்தொழில்களும் நாட்டுடைமையாயின. குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது. ஆனால் அண்டை நாடுகள் அனைத்தும் செலவைச் சுருக்கிய வேளையில் பிரான்ஸ் மட்டும் செலவைப் பெருக்கியதால், இறக்குமதி பெருகி, பிராங்க் நாணயம் தள்ளாடியது. பதினெட்டு மாதங்களுக்குள் மூன்று முறை அதன் மதிப்பைக் குறைக்க நேர்ந்தது. 1983 மார்ச்சில் மித்தரான் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஐரோப்பிய நாணய ஏற்பாட்டை விட்டு விலகித் தன் திட்டத்தைத் தொடரலாம். அல்லது ஐரோப்பாவோடு இருந்து திட்டத்தைக் கைவிடலாம். இரண்டாவதையே தேர்ந்தார். தனியொரு நாட்டில் சோசலிசம் என்பது சந்தை திறந்துவிட்ட உலகில் நிலைக்காது என்று உணர்ந்த நாள் அது.

அந்நாளைய நிதியமைச்சர் ஜாக் தெலோர். கிறிஸ்தவத் தொழிற்சங்கத்தில் வளர்ந்த சோசலிஸ்ட். 1985 முதல் 1995 வரை ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராய் இருந்த அவர், தாம் பாரிசில் இழந்ததைப் பிரஸ்ஸல்ஸில் மீட்க முயன்றார் எனலாம். முதலில் ஒரே சந்தை. பின்னர் ஒரே நாணயம். அவற்றின் தோளில் ஏறிச் சமூக நீதியும் வந்து சேரும் என்பது அவர் கணக்கு. ஒற்றைச் சந்தையை யாரும் காதலிக்க மாட்டார்கள் என்று அவரே சொல்வதுண்டு. 1988 செப்டம்பர் 8-இல் போர்ன்மவுத் நகரில் பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் பேரவையில் அவர் சமூக ஐரோப்பாவைப் பற்றி உரையாற்றினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று தேர்தல் அறிக்கை எழுதிய தொழிற்கட்சியைத் தாங்கிய சங்கங்கள், எழுந்து நின்று கைதட்டின. பன்னிரண்டு நாள் கழித்து மார்கரெட் தாட்சர் புரூஜ் நகரில் எதிர்க்குரல் கொடுத்தார். பின்தங்கிய பகுதிகளுக்கான நிதி இரு மடங்காக்கப்பட்டதும் அக்காலத்தில்தான். தெலோர் 2023 டிசம்பரில் மறைந்தார். கணக்கின் முதல் இரு பகுதிகள் கைகூடின, மூன்றாவது கைகூடவில்லை என்பதைக் கண்டுவிட்டே மறைந்தார்.

1992-இன் மாஸ்டிரிக்ட் உடன்படிக்கையில் துணைநிலைக் கோட்பாடு இடம்பெற்றது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது. இயலாதபோது துணைநிற்க வேண்டும் என்னும் கோட்பாடு அது. திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-இல் எழுதிய சுற்றுமடலில் அதைக் குருமடத்தில் நாங்கள் வரி வரியாகப் படித்தோம். உடன்படிக்கை வரைந்தோர் முற்பாதியை நன்கு பற்றிக்கொண்டனர். பிற்பாதியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து. அரசின் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது, கடன் 60 விழுக்காட்டைத் தாண்டலாகாது, ஒரு நாட்டின் கடனை மற்றொன்று ஏற்கலாகாது என்று விதித்தனர். பொதுக் கருவூலம் மட்டும் அமையவில்லை. கூட்டாட்சிக்கு முந்திய நிலையிலேயே பொது வரவு செலவு உற்பத்தியில் 2 முதல் 2.5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று மக்டூகல் குழு 1977-இல் எழுதி வைத்திருந்தது. ஒன்றியத்தின் வரவு செலவோ 1 விழுக்காட்டைச் சுற்றியே நின்றது. நாணயம் பொது, கடன் தனித்தனி. வெயில் காலத்தில் இந்த வீட்டின் கூரையில் இருந்த ஓட்டை யார் கண்ணுக்கும் படவில்லை.

மழை 2009-இன் இறுதியில் தொடங்கியது. கிரேக்க அரசு தன் பற்றாக்குறை முன்பு சொன்னதைவிட மிகப் பெரிது என்று ஒப்புக்கொண்டது. முந்தைய ஆட்சியாளரின் பொய்க் கணக்கும், வரி கட்டாத செல்வரும் அதற்குக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கடனுதவியின் பெரும்பகுதி பழைய கடன்காரருக்கே, அவர்களுள்ளும் பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளுக்கு, திரும்பிச் சென்றது என்பதையும் மறைக்கலாகாது. 2012-இல் தனியார் கடன்தாரர்கள் 10,000 கோடி யூரோவுக்கு மேல் விட்டுக்கொடுத்தனர். அரசுகள் வட்டியைக் குறைத்துத் தவணையை நீட்டின. 1953-இன் பாடம் அறவே மறக்கப்படவில்லை. காலம் கடந்து, அரைமனத்தோடு நினைவுக்கு வந்தது. அதற்குள் அந்நாட்டின் பொருளாதாரம் கால் பங்கு சுருங்கிவிட்டது. 2013-இல் வேலை தேடுவோருள் நூற்றுக்கு 27 பேருக்கு வேலை இல்லை. இளையோரில் பாதிக்கு மேல்.

2015 ஜனவரி 25-இல் தீவிர இடதுசாரிக் கூட்டணியான சிரிசா வென்று, அலெக்சிஸ் சிப்ராஸ் முதலமைச்சரானார். ஐரோப்பாவை விட்டு வெளியேறுவதன்று, ஐரோப்பாவை மாற்றுவதே அவர்கள் முழக்கம். யூரோ நாடுகளின் நிதியமைச்சர் குழுவில் எதிரே அமர்ந்து தலைமை வகித்தவர் யார்? நெதர்லாந்தின் யெரூன் டைசல்புளூம்; அவரும் தொழிற்கட்சிக்காரர். ஜெர்மன் நிதியமைச்சர் ஷாய்பிள, கிரேக்கம் ஐந்தாண்டுக் காலம் யூரோவை விட்டு விலகி நிற்கலாம் என்று தாள் நீட்டியபோது, கூட்டணியில் இருந்த ஜெர்மன் சமூக ஜனநாயகத் தலைவருக்கும் அது தெரிந்தே இருந்தது. பிரான்சின் சோசலிஸ்ட் குடியரசுத் தலைவர் ஒல்லாந்தோ கிரேக்கத்தை உள்ளே நிறுத்தப் போராடினார். ஜூன் 29 முதல் வங்கிகள் மூடப்பட்டு, பணம் வழங்கும் இயந்திரங்களின் முன் மக்கள் நாளுக்கு 60 யூரோவுக்காக வரிசையில் நின்றனர். ஜூலை 5-இன் பொதுவாக்கெடுப்பில் 61.3 விழுக்காட்டினர் நிபந்தனைகளை 'வேண்டாம்' என்றனர். ஒரு வாரம் கழித்து, பதினேழு மணி நேரம் விடிய விடிய நடந்த மாநாட்டின் முடிவில், சிப்ராஸ் அதனினும் கடுமையான நிபந்தனைகளை ஏற்றார். 8,600 கோடி யூரோ வரையான மூன்றாவது கடன் அவ்வாறு வந்தது.

அவரைத் துரோகி என்றவரும் உண்டு. பொறுப்புள்ளவர் என்றவரும் உண்டு. பேரம் பேசும் மேசையில் பத்தொன்பது மக்களாட்சிகள் இருந்தன. கிரேக்க வாக்காளரின் ஒப்புதலைப் போலவே ஸ்லோவாக்கிய வாக்காளரின் ஒப்புதலும் செல்லுபடியாகும் நிலையில், ஒரு நாட்டின் 'வேண்டாம்' மற்ற பதினெட்டின் 'வேண்டும்' முன்னே என்ன செய்யும்? மித்தரான் 1983-இல் கண்ட சுவரையே சிப்ராஸும் கண்டார். ஒரு நாட்டுக்குள் மட்டும் வென்ற முற்போக்கு, ஒன்றியத்தின் வாசலில் கையறு நிலை எய்தியது.

அதற்கான விலையை வாக்குப் பெட்டி வாங்கியது. 2009-இல் 43.9 விழுக்காடு பெற்ற கிரேக்க சோசலிஸ்ட் கட்சியான பாசோக் 2015 ஜனவரியில் 4.7 விழுக்காட்டில் வந்து நின்றது. 2017-இல் டைசல்புளூமின் தொழிற்கட்சி 5.7 விழுக்காடு, பிரெஞ்சு சோசலிஸ்ட் வேட்பாளர் 6.4 விழுக்காடு. கடனாளி நாட்டிலும் கடன் கொடுத்த நாட்டிலும் ஒரே முடிவு. இரு நாட்டு உழைப்பாளரிடமும் தத்தம் தலைவர்கள், எதிர்க்கரையில் உள்ளவரே உன் துன்பத்துக்குக் காரணம் என்று சொல்லிவிட்ட பிறகு, அதையே இன்னும் உரக்கச் சொல்லத் தெரிந்த தேசியவாதிகள் இருக்கையில், இவர்களை எவர் நாடுவார்?

2016 ஜூனில் பிரிட்டன் விலகுவதென வாக்களித்தது. இரண்டு மாதம் கழித்து மெர்க்கலும் ஒல்லாந்தும் ரென்சியும் வெந்தொத்தேனே தீவுக்குச் சென்று ஸ்பினெல்லியின் கல்லறையில் மலர் வைத்தனர். மலர் வைப்பது எளிது.

உண்மையான மாற்றம் பெருந்தொற்றின் ஆண்டில் வந்தது. 2020 மார்ச்சில் இத்தாலியின் பெர்காமோ நகரில் சவப்பெட்டிகளைப் படை வண்டிகள் சுமந்து சென்ற காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இம்முறை எவரையும் குற்றவாளி என்று சுட்ட இயலவில்லை. 'ஷுல்ட்' என்னும் சொல்லின் இரு பொருள்களும் அன்று பிரிந்தன. மே 18-இல் மெர்க்கலும் மக்ரோனும் ஒன்றியமே கடன் வாங்கி 50,000 கோடி யூரோவை மானியமாகப் பகிரலாம் என்றனர். மெர்க்கலின் மனம் மாறியதில் சமூக ஜனநாயகரான நிதியமைச்சர் ஓலாஃப் ஷோல்சுக்குப் பங்குண்டு. 1790-இல் அலெக்சாந்தர் ஹாமில்டன் அமெரிக்க மாநிலங்களின் கடனைக் கூட்டரசின் கடனாக்கியதை அவர் அப்போது எடுத்துக் காட்டினார். ஜூலை 21 அதிகாலை, நான்கு நாள் வாதத்துக்குப் பின், 75,000 கோடி யூரோவுக்கு ஒப்புதல் கிடைத்தது: 39,000 கோடி மானியம், 36,000 கோடி கடன். 2058க்குள் அனைவரும் சேர்ந்து அடைக்க வேண்டும்.

மானியத்தை 50,000 கோடியிலிருந்து 39,000 கோடியாகக் குறைத்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெதர்லாந்து, ஆஸ்திரியா, சுவீடன், டென்மார்க் என்னும் 'சிக்கன நால்வர்'. அவற்றுள் சுவீடனிலும் டென்மார்க்கிலும் ஆண்டவர்கள் சமூக ஜனநாயகர். எதிரே ஸ்பெயினுக்கும் போர்த்துகலுக்கும் பேசியவர்கள் சோசலிஸ்டுகள். தம் நாட்டில் உலகே வியக்கும் நலத்திட்டங்களைக் கட்டியவர்கள், அதே பரிவு எல்லை தாண்டிச் செல்ல அஞ்சினர். கெட்ட எண்ணத்தால் என்று நான் கருதவில்லை. தம் வரிப்பணத்தால் ஆன வீட்டைக் காக்கும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அக்கறை உள்ளவருக்குத்தானே அச்சமும் வரும்!

அந்த ஏற்பாடு ஒருமுறைக்கு மட்டுமே என்று விதிக்கப்பட்டது. அதன் இலக்குகளை முடிக்க 2026 ஆகஸ்ட் வரை காலவரை. ஆனால் திறந்த கதவை முழுவதும் அடைப்பது அரிது. உக்ரைன் போரின் நிழலில், 2025 மார்ச் 4-இல், ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் தெர் லையன் 80,000 கோடி யூரோ வரை திரட்டும் பாதுகாப்புத் திட்டத்தை முன்வைத்தார். அதில் 15,000 கோடி, ஒன்றியமே கடன் வாங்கி உறுப்பு நாடுகளுக்குக் கடனாகத் தருவது. மருத்துவமனைக்கும் பசித்தவருக்கும் பொதுக் கடன் கூடாது என்று பல்லாண்டு வாதிட்ட தலைநகரங்கள், படைக்கலனுக்கு என்றதும் விரைந்து இசைந்தன. மார்ச் 12-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் தீர்மானம் வாக்குக்கு வந்தபோது இத்தாலியின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பதின்மர் ஆதரித்தனர். பதினொருவர் வாக்களிக்காது ஒதுங்கினர்.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 19-இல், இத்தாலியப் பிரதமர் ஜோர்ஜா மெலோனி உரோமையில் மக்களவையில் எழுந்து வெந்தொத்தேனே அறிக்கையின் சில பகுதிகளை உரக்க வாசித்து, இது தம் ஐரோப்பா அன்று என்றார். எதிர்வரிசையினர் கொதித்தெழுந்தனர், அவை ஒத்தி வைக்கப்பட்டது. முந்திய வாரம் இரண்டாகப் பிரிந்து நின்றவர்கள், தீவுக் கைதிகளின் பெயரைக் காக்க அன்று ஒரே குரலில் முழங்கினர்.